பெரிய தொட்டிக்கு வண்ண மீன்களை மாற்றும் முறை

வண்ண மீன் வளர்ப்போர் பெரும்பாலும் 2 அடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியில்தான் தொடங்குகின்றனர். வாங்கும்போது கட்டை விரல் அளவே இருந்த பொன்மீன் 15 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, திரும்பவும் இடமின்றித் தவிக்கும்போது பெரிய தொட்டி தேவைப்படுகிறது. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ண மீன் உற்பத்தியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் தாய் மீன்களை இடம் மாற்ற வேண்டிய தேவை அடிக்கடி ஏற்படுகிறது. வீட்டில் வளர்ப்பவருக்கு நான்கு மீன் மடிந்தால் மனவருத்தம். தொழில் செய்பவருக்குத் தாய் மீன் மடிந்தால் அந்தப் பருவத்தின் வருமானமே போயிற்று.

மாற்றிய முதல் இரண்டு நாள்களில் மீன்கள் நன்றாகவே நீந்தும். நான்காம் ஐந்தாம் நாளில் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். பத்து நாள்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும். தொட்டி ராசியில்லை என்று சொல்பவர்களும், மீன் விற்றவரைக் குறை கூறுபவர்களும் உண்டு. ஆனால் மாற்றிய அன்று தொட்டி, சரளைக்கல், வடிகட்டி அனைத்தையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவியதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம்.

மீன்களின் செவுள் வழியாகவும் கழிவின் மூலமாகவும் வெளிப்படும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட் அவ்வளவு கேடு செய்வதில்லை. வாரந்தோறும் சிறிது நீரை மாற்றினாலே போதும். இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பவை மிகக் குறைவு. வடிகட்டியின் பஞ்சிலும், சரளையிலும், கண்ணாடியிலும் மெல்லிய வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. எனவே பழைய நீரை மட்டும் குடம் குடமாகப் புதுத் தொட்டியில் ஊற்றிவிட்டு, பஞ்சைக் குளோரின் கலந்த நீரில் கழுவினால் வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததைச் சுமந்ததாகும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் தாமாகப் பெருக 4 முதல் 6 வாரம் வரை ஆகும்.

புது வடிகட்டியை முன்கூட்டியே வாங்கி, பழைய தொட்டியிலேயே பழைய வடிகட்டியுடன் சேர்த்து ஒரு மாதம் ஓடவிடுவது சாலச் சிறந்தது. மாற்றும் நாளில் இரண்டையும் புதுத் தொட்டிக்குக் கொண்டு போகலாம். இவ்வாறு செய்ய இயலாதவர்கள் பழைய வடிகட்டியையாவது புதுத் தொட்டியில் ஒரு மாதத்திற்குக் குறையாமல் ஓடவிட வேண்டும்.

தொட்டியும் மேசையும்

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 180 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டும் 180 கிலோ. 8 மி.மீ. கண்ணாடியும் 5 செ.மீ. கனத்திற்குப் பரப்பிய சரளையும் சேர்ந்தால் 240 கிலோவை எட்டும். பழைய தொட்டியைத் தாங்கிய மர மேசை இதைத் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மேசையின் மட்டத்தைச் சரிபார்த்து, அடியில் தெர்மாகோல் தகடு விரித்து, அதன் மேல் தொட்டியை வைக்க வேண்டும். புதிதாக ஒட்டிய தொட்டியானால் சிலிக்கோன் பசையின் காடி வாடை முற்றும் நீங்கிய பிறகு நீர் நிரப்பி ஒரு நாள் முழுவதும் கசிவு பார்ப்பது அவசியம். குளியலறைக்கென விற்கப்படும் பூஞ்சைக் கொல்லி கலந்த பசையைத் தொட்டிக்குப் பயன்படுத்தலாகாது.

புதுச் சரளை வாங்குவோர் அதன் மேல் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உள்ளது. நீரின் கடினத் தன்மையைக் கூட்டிவிடும்.

நீர் தயாரித்தல்

குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் 24 மணி நேரம் காற்றூட்டி வைத்தால் குளோரின் பெரிதும் வெளியேறிவிடும். அவசரமானால் சோடியம் தயோசல்பேட் இடலாம், 1 மி.கி. குளோரினை முறிக்க ஏறத்தாழ 7 மி.கி. தேவை. ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லையே என்று நேரே பாய்ச்சுவதும் தவறு. அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கும். அதையும் ஒரு நாள் காற்றூட்டியே பயன்படுத்த வேண்டும்.

பல மாதங்களாக நீர் மாற்றாத பழைய தொட்டியில் வேறொரு அபாயம் உண்டு. அந்நீர் மெல்ல மெல்ல அமிலத் தன்மை அடைந்திருக்கும். அந்நிலையில் சேர்ந்துள்ள அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியம் வடிவில் இருப்பதால் மீன்கள் நலமாகவே தோன்றும். இந்நீரைக் காரத் தன்மையுள்ள புது நீருடன் கலந்த மாத்திரத்தில் அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. மாற்றிய ஒரு மணி நேரத்திலேயே மீன் மடிவதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தகைய தொட்டி வைத்திருப்போர் மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே, நான்கு நாள்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றி, மீன்களைப் புது நீருக்குப் பழக்கிவர வேண்டும்.

மாற்றும் நாள்

முதல் நாளே தீனியை நிறுத்திவிட வேண்டும். வெப்பமூட்டி பயன்படுத்துவோர் அதன் மின்சாரத்தை நிறுத்தி அரை மணி கழித்தே நீரிலிருந்து எடுக்க வேண்டும். சூட்டோடு எடுத்தால் கண்ணாடி வெடிக்கும். அடிச் சரளையைக் கலக்குமுன் தெளிந்த நீரில் பாதியைச் சோப்பு படாத வாளிகளில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு செடிகளையும் கற்களையும் அகற்றி, நீர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் மீன்களைப் பிடித்தால் துரத்த வேண்டியிராது. கெளுத்தி வகை மீன்களின் முட்கள் வலையில் சிக்கிக்கொள்ளும். அவற்றைக் குவளையால் முகந்தெடுப்பதே நல்லது. வாளிக்குக் காற்றுக் குழாய் விட்டு, துணியால் மூடி வைக்கவும். மீன் துள்ளி வெளியே விழுவது இந்த ஒரு மணி நேரத்தில்தான் அதிகம்.

வடிகட்டிப் பஞ்சைப் பழைய தொட்டி நீரிலேயே மூழ்க வைத்து, சற்றும் உலரவிடாமல் விரைவில் ஓட விட வேண்டும். மணிக்கணக்கில் நிறுத்தினால் காற்றின்றிப் பாக்டீரியாக்கள் மடியும். பழைய சரளையை அதே தொட்டி நீரில் இரண்டு முறை அலசிச் சேற்றைப் போக்கிப் பயன்படுத்தலாம். கறுத்து அழுகிய முட்டை வாடை வீசும் சரளையை எடுத்தெறிவதே மேல். நீரும் சரளையும் இருக்கும்போதே தொட்டியைத் தூக்கிச் செல்ல முயல்வோர் உண்டு. ஒட்டு விட்டுப்போக இதைவிட எளிய வழி இல்லை.

எடுத்து வைத்த பழைய நீரையும் தயாரித்த புது நீரையும் கலந்து தொட்டியை நிரப்பி, வெப்பம் ஒத்திருப்பதைக் கண்டபின், அந்நீரைச் சிறிது சிறிதாக அரை மணி நேரம் வாளியில் ஊற்றிப் பழக்கி மீன்களை விட வேண்டும். அன்று விளக்கு போட வேண்டாம். சண்டையிடும் இயல்புள்ள ஆஸ்கார் போன்ற மீன்கள் இருப்பின் சிறியவற்றை முதலில் விட்டு ஒதுங்கிடம் தேட அவகாசம் கொடுக்கலாம்.

காற்றூட்டும் பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைப்பது நன்று. கீழே வைத்தால் மின்சாரம் நின்ற வேளையில் நீர் குழாய் வழியே திரும்பிப் பம்பைக் கெடுப்பதுடன் வீட்டையும் நனைக்கும். மேலே வைக்க இடமில்லையெனில் சில ரூபாயில் கிடைக்கும் ஒருவழி வால்வைக் குழாயில் பொருத்த வேண்டும்.

அடுத்த இரு வாரங்கள் தீனியைப் பாதியாகக் குறைத்து, இரண்டு நாள்களுக்கு ஒருமுறை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதனைப் பெட்டியால் பார்ப்பது நல்லது. இரண்டில் எது தென்பட்டாலும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். நைட்ரைட் காணப்பட்டால் லிட்டருக்கு 1 கிராம் வீதம் அயோடின் கலவாத கல் உப்பைக் கரைத்து இடலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் புகுவதைத் தடுக்கிறது. பெரிய தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று அதே வாரத்தில் புது மீன் வாங்கி விடுவதுதான் பலரும் செய்வது. ஒரு மாதம் பொறுத்து, அப்போதும் புது மீன்களை இரு வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பின்னரே சேர்க்க வேண்டும். காலியான பழைய 2 அடித் தொட்டி இதற்கு ஏற்றது.