கம்ப்யூட்டரிலும் வழியில்லை! சென்னைக்கு விழுப்புரம் சுற்றும் குயிலாப்பாளையம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடலோர ரயில் என்று 2008-09 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மரக்காணம் உப்பளப் பக்கம் இன்னும் ஒரு தண்டவாளம்கூட விழவில்லை.

குயிலாப்பாளையத்துக்காரர் சென்னைக்கு ரயில் ஏற முதலில் தெற்கே புதுச்சேரி போகணும். அங்கிருந்து மேற்கே 38 கி.மீ. விழுப்புரம். அப்புறம்தான் வடக்கே 159 கி.மீ. எழும்பூர்!

கால அட்டவணையைக் கம்ப்யூட்டரில் போட்டாலும் கதை இதுதான். ஸ்டேஷன்களை வரிசையாகக் கோத்து, ஒற்றைப் பாதையா இரட்டையா, நடுவில் எத்தனை நிமிஷம் என்று பதிந்த பிறகே ரயிலுக்கு நேரம் கிடைக்கும். இல்லாத பாதையை அது எங்கே கோக்கும்?

இருக்கிற புதுச்சேரி-விழுப்புரம் பாதையோ ஒற்றை. 1879-ல் வந்தது, 2004-ல் அகலமானது, அவ்வளவே. எதிரே ரயில் வந்தால் கிராஸிங் ஸ்டேஷனில் ஒதுங்கி நிக்கணும். விழுப்புரம் தாண்டினால் தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்களுக்கு நடுவே இடம் பிடிக்கணும்.

ஈ.சி.ஆர். பஸ்ஸோ நேரே வடக்கே ஓடுகிறது.