நீரிறைக்கும் யந்திரத்திற்கு ஏற்ற எண்ணெயும் அதனை மாற்றவேண்டிய காலமும்

துலா மிதித்து இறைத்த காலத்தில் அச்சுலக்கை தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிந்தது. கிறீச்சிட்டுக் காதுக்கும் கேட்டது. மண்ணெண்ணெய் யந்திரம் அத்தகையதன்று. அதன் தேய்வு உள்ளே, ஒருவரும் காணாதவிடத்தில் நிகழ்கின்றது. புத்தூர், நவக்கிரி, அச்சுவேலிப் பகுதித் தோட்டங்களிற் பங்குனி, சித்திரை வெயிலில் யந்திரம் இறுகி நின்றுவிட்டால், கராச்சிலிருந்து அது திரும்பும்வரை வெங்காயம் காத்திராது. குமிழ் பருக்கும் வேளையில் இரண்டு இறைப்புத் தவறினாற் போதும், விளைச்சல் குறைந்துவிடும்.

யந்திரம் இவ்வாறு இறுகுவதற்கு மலிவான எண்ணெயே காரணம் என்று பலர் கருதுகின்றனர். எனவே விலை கூடிய எண்ணெயை வாங்கி ஊற்றி, அதனை ஆண்டு முழுவதும் மாற்றாது விடுகின்றனர். இது பணத்தையும் யந்திரத்தையும் ஒருங்கே இழக்கும் வழியாகும். மண்ணெண்ணெயில் ஓடும் சிறு யந்திரத்திற்கு, உரிய குறிகள் உள்ள மலிவான எண்ணெயை அடிக்கடி மாற்றுதல், விலையுயர்ந்த எண்ணெயை நெடுங்காலம் வைத்திருத்தலினும் மேலானது.

அதற்குரிய காரணத்தை விளங்கிக்கொள்ள யந்திரத்தின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். தோட்டங்களில் உபயோகிக்கப்படும் சிறிய இறைப்பு யந்திரங்கள் பெரும்பாலானவற்றில் எண்ணெயைச் செலுத்தும் பம்போ, அதனை வடிக்கும் வடிகட்டியோ இல்லை. பிஸ்டனைத் தாங்கும் தண்டின் அடியிலுள்ள சிறு அகப்பை போன்ற உறுப்பு, கீழே கிடக்கும் எண்ணெயை அள்ளி எங்கும் தெறிக்கின்றது, அவ்வளவே. உட்சென்ற செம்மண் தூசும், தேய்ந்த இரும்புத் துகளும், எரிந்த கரியும் அவ்வெண்ணெயிலேயே தங்கும். அவற்றை வெளியேற்றுதற்கு எண்ணெயை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. யந்திரத்தைக் கிணற்றடியிற் சரிவாக வைத்து ஓட்டுவதும் பெருந்தவறு. சரிந்த யந்திரத்தில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, அகப்பை வெறுங்காற்றையே அள்ளும்.

மண்ணெண்ணெயினால் இன்னொரு தொல்லை உண்டு. பெற்றோல் குறைந்த சூட்டில் ஆவியாவது. மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு அதனினும் மிகுந்த சூடு வேண்டும். யந்திரம் குளிர்ந்திருக்கும்போது உட்செல்லும் மண்ணெண்ணெய் முழுவதும் எரிவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவரிற் படிந்து, ஆங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, றிங் எனப்படும் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து எண்ணெயுடன் கலக்கின்றது. நாளடைவில் எண்ணெய் நீர்த்துப்போகும். நீர்த்த எண்ணெய் உலோகங்களை ஒன்றோடொன்று உரசாது பிரித்து நிறுத்த வல்லதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திற் பெற்றோல் குடாநாட்டுக்கு வராதபோது மோட்டார்ச் சைக்கிள்களையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய பெரியோரிடம் கேட்டால், இதனை இன்னும் விரிவாகக் கூறுவர்.

ஆகவே யந்திரத்தைப் பெற்றோலில் இயக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். பெற்றோலை மிச்சம்பிடிக்க எண்ணி உடனே மாற்றுபவர், மிச்சம்பிடித்ததினும் கூடிய தொகையைப் பின்னர் மெக்கானிக்கிடம் கொடுப்பர். நிறுத்தும்போது எரிபொருட் குழாயின் திறப்பை மூடி, காபரேற்றரில் எஞ்சியது எரிந்து தானே நிற்கும்படி விடுதல் நன்று. திறப்பைத் திறந்தபடி விட்டால் மண்ணெண்ணெய் இரவிற் கசிந்து உள்ளே இறங்கவும் கூடும்.

இனி, கடையில் வாங்கும் முறை. எண்ணெய்க் கலனில் இரண்டு குறிகளைப் பார்த்தல் வேண்டும். முதலாவது தடிப்பைக் குறிக்கும் எஸ்.ஏ.இ. எண். எஸ்.ஏ.இ. 30, எஸ்.ஏ.இ. 40 என ஒரே எண்ணுடன் வருவனவும், 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என இரண்டு எண்களுடன் வருவனவும் உண்டு. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் எவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்குக் கடுங்குளிரிலும் எண்ணெய் இளகி ஓடும். பனி உறையும் நாடுகளுக்கு அது வேண்டியதே. மார்கழி விடியலிலும் தண்ணீர் உறையாத யாழ்ப்பாணத்தில் 0டபிள்யூ, 5டபிள்யூ எண்ணெய்களுக்குக் கூடிய விலை கொடுப்பது வீண். புதிய யந்திரத்திற்குக் கையேடு கூறும் எண்ணையே பின்பற்றுக. நம் வெப்பத்திற்குச் சாதாரணமாக எஸ்.ஏ.இ. 30 போதுமானது. தேய்ந்து புகை கக்கும் பழைய யந்திரத்திற்கு எஸ்.ஏ.இ. 40 அல்லது 20டபிள்யூ-50 பொருந்தும்.

இரண்டாவது குறி ஏ.பி.ஐ. தரம். ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்குவன பெற்றோல் வகை யந்திரங்களுக்கும், ‘சி’ என்ற எழுத்தில் தொடங்குவன டீசல் யந்திரங்களுக்கும் உரியன. எஸ்.எப்., எஸ்.ஜி., எஸ்.ஜே., எஸ்.எல். என இரண்டாம் எழுத்து அகர வரிசையிற் பின்செல்லச் செல்லத் தரம் உயரும். இறைப்பு யந்திரத்திற்கு எஸ்.எப். அல்லது அதற்குப் பிந்திய எதுவும் ஏற்றதே. எஸ்.ஏ., எஸ்.பி. என்று மட்டும் குறிக்கப்பட்டவை எவ்வளவு மலிவாயினும் வேண்டா. அவை மிகப் பழைய யந்திரங்களுக்கெனச் செய்யப்பட்டவை. நாலடி மோட்டார்ச் சைக்கிளுக்கு விற்கப்படும் எண்ணெயையும், எண் பொருந்துமாயின், அச்சமின்றி ஊற்றலாம்.

குறியே இல்லாத கலனிலும், போத்தலில் அளந்து விற்கப்படுவதிலும் கழிவெண்ணெயை வடித்து நிறந்தெளித்தது கலந்திருக்கக்கூடும். மூடியின் முத்திரை உடையாதிருத்தலையும், இறக்குமதி செய்தவரின் முகவரி அச்சிடப்பட்டிருத்தலையும் பார்த்து வாங்குக. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் ஆகியன சூட்டிற் பிசினாகி ஒட்டிக்கொள்வன; அவற்றை யந்திரத்தில் ஊற்றுதல் கூடாது.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சிறிய இறைப்பு யந்திரம் ஒன்று ஏறக்குறைய 0.6 லீற்றர் எண்ணெய் கொள்ளும். 4 லீற்றர்க் கலன் ஒன்று 6 முறை மாற்றப் போதுமானதுடன், இடையிடையே ஊற்றுவதற்கு 0.4 லீற்றரும் எஞ்சும். மண்ணெண்ணெய் விலை 2022 ஓகஸ்டில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை எவரும் மறந்திரார். மணிக்கு முக்கால் லீற்றர் எரிகின்றது எனக் கொண்டால், 50 மணி இறைப்புக்கு அவ்விலையில் 12,750 ரூபா செலவாகும். அந்த 50 மணிக்கும் யந்திரத்தைக் காப்பது அரை லீற்றருக்குச் சற்று மேற்பட்ட எண்ணெயே. சிக்கனம் செய்யவேண்டிய இடம் அதுவன்று. செயற்கை எண்ணெய் எனப்படுவது இரு மடங்கு, மும்மடங்கு விலையாகலாம். ஆயினும் அதனையும் மண்ணெண்ணெய் நீர்க்கச் செய்யும். விலை இரட்டித்தாலும் உழைக்கும் காலம் இரட்டிப்பதில்லை.

எப்பொழுது மாற்றுவது? புதிய யந்திரமாயின் முதல் 20 மணியில் மாற்றுக. புதிதாகக் கடைந்த உலோகத்தின் துகள்கள் அப்போதே மிகுதியாகக் கழன்று விழும். பின்னர் 100 மணிக்கு ஒருமுறை, அல்லது 6 மாதத்திற்கு ஒருமுறை, இவற்றில் எது முந்துமோ அப்போது மாற்றுமாறு பெற்றோலில் ஓடும் சிறு யந்திரங்களின் கையேடுகள் பல கூறும். மண்ணெண்ணெயில் ஓடுவதாயின் இதனைப் பாதியாக்கி 50 மணி எனக் கொள்ளுதலே எமது ஆலோசனை. மூன்று நாளைக்கு ஒருமுறை 3 மணி இறைப்பவருக்கு மாதம் 30 மணியாகும். 50 மணி 50 நாளில் வந்துவிடும். அதாவது வெங்காயப் பயிர் ஒன்றுக்கு நடுகையின்போது ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் மாற்றினாற் சரியாகும். இறைத்த மணிகளை யந்திரக் கொட்டிலிற் கலண்டர் ஒன்றைத் தூக்கி அதிற் குறித்துவருக. இரண்டு பங்காளிகள் ஒரு யந்திரத்தைப் பகிர்ந்து இறைக்குமிடத்து இக்குறிப்பு இன்னும் அவசியம். மாற்றுவது மற்றவர் பொறுப்பென்று இருவரும் இருந்துவிடுவர்.

நிறத்தைக் கொண்டு முடிவு செய்தல் தவறு. நல்ல எண்ணெய் கரியைத் தன்னுட் கரைத்து ஏந்துவதால் விரைவிற் கறுக்கும். டீசல் யந்திரத்தில் ஊற்றிய சில மணியிலேயே கறுப்பது இயல்பு. கறுப்பினும் அஞ்சவேண்டியது அளவு உயர்தல். யந்திரத்தைச் சமதரையில் வைத்து அளவுகோலை எடுத்துப் பார்க்கும்போது, ஊற்றாமலே எண்ணெய் கூடியிருந்தால் மண்ணெண்ணெய் இறங்கியுள்ளது என்பது பொருள். எண்ணெய் குறையவில்லை என்று இதனைக் கண்டு மகிழ்வோரும் உளர். கோலை முகர்ந்தால் மண்ணெண்ணெய் மணக்கும். விரலிடையே தேய்த்தால் வழுவழுப்பின்றி நீராய் இருக்கும். ஐயமிருப்பின் மைதாளில் ஒரு துளி விடுக. நீர்த்த எண்ணெயாயின் நடுக்கறைக்கு வெளியே அகன்ற ஈர வளையமொன்று பரவும். பாலைப்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. இவற்றில் எதனைக் காணினும் மணிக்கணக்கைப் பாராது உடனே மாற்றுக. மாற்றியும் சில நாளில் அளவு மீண்டும் உயருமாயின் காபரேற்றரின் ஊசியையும் வளையங்களையும் சோதிப்பித்தல் வேண்டும்.

யந்திரத்தைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்தியபின் அடித் திருகாணியைக் கழற்றி வடிக்கவேண்டும். சூட்டில் அழுக்கு எண்ணெயோடு சேர்ந்து வெளியேறும். அன்றே காற்று வடிகட்டியையும் சுத்தம் செய்க. மாரி தொடங்கி யந்திரத்தைக் கட்டி வைக்குமுன் எண்ணெயை மாற்றுதலும் அவசியம். பழைய எண்ணெயிலுள்ள அமிலமும் ஈரமும் ஐப்பசியிலிருந்து தை வரை உள்ளே கிடந்து உலோகத்தை அரிக்கும்.

வயலில் ஓடும் இரு சக்கர உழவு யந்திரம் டீசல் யந்திரமாகையால் அதற்கு ‘சி’ எழுத்துள்ள எண்ணெயே வேண்டும். மருந்து தெளிக்கும் ஈரடி யந்திரத்திற்குப் பெற்றோலுடன் கலக்கும் எண்ணெய் வேறு. இறைப்பு யந்திர எண்ணெயை அதிற் கலந்தாற் கரி அடைக்கும்.

வடித்த கழிவெண்ணெயைத் தோட்ட எல்லையில் ஊற்றுவது நம்மிடையே வழக்கமாயுள்ளது. நம் நிலத்தின் கீழிருப்பது வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது வடிபடாமலே கிணற்று நீரைச் சேரும். ஒரு கலன் கழிவெண்ணெய் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்பர். சுன்னாகம் மின்நிலையப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்றுக்குக் கட்டளையிட்டது. அக்கிணறுகளில் அள்ளிக் குடித்தோர் நம் அயலவரே. கழிவெண்ணெயை மாட்டின் புண்ணுக்கும் நாயின் சொறிக்கும் பூசுதலும் கூடாது. தோலில் நெடுநாள் படிந்தாற் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் அதில் உண்டு. புது எண்ணெய் வந்த வெறுங்கலனிலேயே அதனை ஊற்றி, இறுக மூடி, கிணற்றடிக்கு அப்பால் நிழலில் வைக்குக. கலன் நிறைந்ததும், கழிவெண்ணெய் சேர்க்கும் வாகனச் சேவை நிலையம் ஒன்றிற் கையளிக்கலாம்.