"அவனுக்குப் பூசை வைக்கலாங்களா?"

சனிக்கிழமை மாலையில், பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கிய கையோடு, ஞாயிறு திருப்பலிக்குக் கருத்து எழுதிவைக்க வருவோர் திருப்பூர்ப் பகுதிப் பங்குகளில் பலர். அத்தகைய மாலையொன்றில், எல்லாரும் சென்ற பின்னும் ஒரு தாய் தூணருகே நின்றுகொண்டிருந்ததைக் கண்டோம். தன் மகன் எப்படி இறந்தான் என்பதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. வெகுநேரம் கழித்துப் பங்குக் குருவிடம் கேட்டார்: "சாமி, அவனுக்குப் பூசை வைக்கலாங்களா?"

மகன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன்.

அந்தத் தாயின் கேள்வி அறியாமையில் பிறந்ததன்று. நாமே தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தது. "கொலை செய்யாதே" என்னும் ஐந்தாம் கட்டளை ஒருவன் தன்னையே கொல்வதையும் தடுக்கிறது என்று புனித அகுஸ்தீனார் விளக்கினார். ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரில் கூடிய சங்கம், அவ்வாறு இறந்தோருக்குத் திருச்சடங்குகளை மறுத்தது. தன்மீது கொள்ள வேண்டிய அன்புக்கும், சமுதாயத்துக்கும், உயிரின் உரிமையாளராகிய இறைவனுக்கும் இச்செயல் எதிரானது என்றார் புனித தோமா அக்குவினார். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் (எண் 1240) வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. மந்திரித்த கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே, மணியோசையின்றிப் புதைக்கப்பட்டவர்களின் கதைகளை நம் பாட்டிமார் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1983-இல் வெளியான புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. அடக்கச் சடங்கு எவருக்கு மறுக்கப்படலாம் என்று கூறும் 1184-ஆம் எண்ணில், உயிரை மாய்த்துக்கொண்டோர் என்ற பிரிவே காணப்படவில்லை. 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் மேலும் ஒரு படி சென்றது. கடுமையான மனக்கலக்கமும், துன்பத்தைக் குறித்த பேரச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும். இவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழத்தல் ஆகாது. திருச்சபை இவர்களுக்காகச் செபிக்கிறது (எண் 2282, 2283).

"நேற்றுவரை பாவம், இன்று நோயா? திருச்சபை தன் போதனையை மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். உயிர் இறைவனுடையது, அதை நாம் அழித்தல் தகாது என்ற போதனை இன்றும் அப்படியே நிற்கிறது. ஆனால் சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பதும் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் சிறு பிள்ளையும் ஞானோபதேசத்தில் படித்ததே. கையில் இருந்த இரண்டு பழைய போதனைகளை ஒன்றன் அருகில் ஒன்று வைத்துப் பார்க்க நமக்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆயின. "எதுவும் மாறவில்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும் நேர்மையாகாது. வேலிக்கு வெளியே பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பெற்றோருக்கு அது பெரிய மாற்றமே.

முழுச் சம்மதம் என்பதை இந்த ஊரில் வைத்து எண்ணிப் பாருங்கள். 2010-ஆம் ஆண்டளவில் திருப்பூரில் இத்தகைய இறப்புகள் மிகுந்துவருவது செய்தித்தாள்களில் பெரிதும் பேசப்பட்டது. 2011 சனவரி இறுதியில், நொய்யலை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட, எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றுக்கு அது நியாயமே. கூலியாளின் அடுப்புக்கோ அது வேறு கணக்கு. எந்த இறப்புக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. என்றாலும் ஒன்றரை ஷிப்டு உழைப்பு, வட்டிக்கடன், சொந்தபந்தம் எல்லாம் தெற்கே இருக்க லைன் வீட்டின் ஒற்றை அறையில் தனித்த இரவு, இவற்றோடு கவனிக்கப்படாத மனநோயும் சேர்ந்து அழுத்தும்போது, அந்த நெஞ்சில் எஞ்சும் சுதந்திரம் எவ்வளவு? நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், உயிரைவிட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளச் சொல்கிறது.

சட்டம் மாறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் தெருக்கள் மாறினவா? சாவு வீட்டில் "மாரடைப்பு" என்கிறார்கள். அறிந்தவர்கள் செபமாலை சொல்லப் போவதில்லை. "அவன் நரகத்துக்குத்தான் போவான்" என்று வாசலில் நின்று நாம் பேசுவதை, அதே எண்ணத்தோடு போராடும் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதன்பின் அவர் யாரிடம் வாய் திறப்பார்? குருவிடமோ, மருத்துவரிடமோ, 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணிலோ பேசலாம் என்பதை அன்பியக் கூட்டங்களில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

சவுல் அரசர் போர்க்களத்தில் தம் வாள்மீது தாமே விழுந்து மாண்டார். யாபேசு கிலயாது ஊரார் அவர் செய்தது சரியா என்று வழக்காடவில்லை. இரவு முழுதும் நடந்து சென்று உடலை மீட்டு வந்தார்கள். எலும்புகளை மரத்தடியில் அடக்கம் செய்து ஏழு நாள் நோன்பிருந்தார்கள். தாவீது ஆளனுப்பி அவர்களை வாழ்த்தினார்.

பங்குக் குரு அந்தத் தாயிடம் மகனின் பெயரை மட்டும் கேட்டு ஏட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலைத் திருப்பலியில் அப்பெயர் மற்றப் பெயர்களோடு உரக்க வாசிக்கப்பட்டது. தாய் உள்ளே வந்து அமரவில்லை. கடைசிவரை கதவருகிலேயே நின்றிருந்தார்.