நித்திரைக்குக் கெமோமைல் தேத்தண்ணி: எவ்வளவு உதவும், யாருக்கு ஆகாது?

சுவிஸிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ சொந்தக்காரர் ஊருக்கு வந்தால், சொக்கிளேற்றோடு வெள்ளைப் பூப்படம் போட்ட பெட்டி ஒன்றும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வந்துவிடுகிறது. கெமோமைல் தேத்தண்ணி. அந்த நாடுகளில் வயிற்றுவலி, தடிமன், நித்திரையின்மை என்று எதற்கும் இதைத்தான் முதலில் ஊற்றிக் கொடுப்பார்கள். "குடியுங்கோ அம்மா, நல்லா நித்திரை வரும்" என்று பிள்ளைகள் தந்துவிட்டுப் போகிறார்கள். வருமா?

இதில் தேயிலை துளியும் இல்லை. செவ்வந்திக் குடும்பத்துச் செடியொன்றின் காய்ந்த பூக்கள்தான். அதனால் கஃபீனும் இல்லை. இதன் பெரிய நன்மையே அதுதான் என்பது என் எண்ணம். ஒரு கோப்பைச் சாயத் தேத்தண்ணியில் 40 முதல் 50 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும். இரவு எட்டு மணிக்குக் குடித்தால், ஒரு மணிக்கும் பாதி மிச்சம் நிற்கும். அந்தக் கோப்பைக்குப் பதிலாகச் சீனி போடாத கெமோமைலைக் குடிக்கிறவருக்கு நித்திரை கொஞ்சம் திருந்தினால் அதில் வியப்பில்லை. சலரோகக்காரருக்குச் சீனி குறைவது இன்னொரு லாபம்.

பூவுக்கென்று தனிக்குணம் இல்லையா? இதிலுள்ள அபிஜெனின் என்ற பொருள், பதற்றத்தைத் தணிக்கும் சில குளிசைகள் மூளையில் போய் ஒட்டுகிற அதே இடத்தில் ஒட்டக்கூடியது. அமெரிக்காவில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பதற்ற நோயுள்ள 57 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் கெமோமைல் சாறு கொடுத்தபோது பதற்றம் ஓரளவு குறைந்தது. 2011இல் நித்திரையின்மை உள்ள 34 பேரிடம் 28 நாள் பார்த்ததிலோ நித்திரையில் சொல்லத்தக்க மாற்றமில்லை. இரண்டிலும் கொடுத்தது செறிவான சாறு. நாங்கள் குடிக்கிற தண்ணி அதைவிட மெல்லியது.

மெல்லியது என்பதால் எல்லோருக்கும் ஆகும் என்று எடுத்துவிடக் கூடாது. இதய வால்வு மாற்றியவர்கள், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். கனடாவில் வார்ஃபரின் எடுத்துவந்த 70 வயதுப் பெண் ஒருவர், கெமோமைல் தேத்தண்ணியும் அதன் பூச்சுக் களிம்பும் சேர்த்துப் பாவித்த பிறகு உள்ளே இரத்தம் கசிந்து ஆஸ்பத்திரிக்குப் போனது 2006இல் மருத்துவ இதழில் பதிவானது. எங்கள் வீடுகளில் வார்ஃபரின் எடுப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அன்போடு ஊற்றிக் கொடுப்பதும் அவர்களுக்குத்தான். செவ்வந்தி, சூரியகாந்திப் பூக்களால் தும்மலும் தடிப்பும் வருகிறவர்களும் தவிர்க்கட்டும். கர்ப்பிணிகள் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் போதும். வயிற்றுப் பொருமலுக்கென்று கெமோமைலைப் பருக்க வேண்டாம்.

போடுவது லேசு. கொதித்த தண்ணியைப் பையின்மேல் ஊற்றி, கோப்பையை ஒரு சின்னத் தட்டால் மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். மூடாவிட்டால் பூவின் எண்ணெய் ஆவியோடு போய்விடும். திறக்கும்போது ஆப்பிள் வாசமும் வெளிர்மஞ்சள் நிறமும் இருந்தால் பதம் சரி. படுக்கைக்கு ஒரு மணித்தியாலம் முந்திக் குடித்தால் இடையில் எழும்ப வேண்டியிராது.

வெளிநாட்டுப் பூ கிடைக்காதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. மல்லி அவித்த தண்ணியிலும் கஃபீன் இல்லை. கிழமைக்கணக்கில் நித்திரை வராவிட்டால் மட்டும் எந்தக் கோப்பையையும் நம்பியிராமல் வைத்தியரிடம் போங்கள்.