உண்ணி கடித்தால் கால் ஏன் தள்ளாடுகிறது?

உண்ணி என்றதும் நாயின் காதுமடல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மடலைப் புரட்டிப் பார்த்தால் மிளகு அளவில் ஒன்றோ, இரத்தம் குடித்து உப்பிச் சுண்டைக்காய் அளவில் ஒன்றோ ஒட்டிக்கொண்டிருக்கும். தாவர உண்ணி, மாமிச உண்ணி என்று சொல்கிறோமே, அதே சொல்தான் இது. இதன் உணவு இரத்தம் மட்டுமே.

இவ்வளவு சிறிய உயிர் ஒரு மனிதரை நடக்க முடியாமல் செய்துவிடும், மூச்சுத் தசைகளையும் முடக்கிவிடும் என்றால் நம்புவது கடினம். உலகின் சில பகுதிகளில் அது உண்மையாகவே நடக்கிறது. அதற்கு ‘உண்ணி வாதம்’ என்று பெயர். இந்த வாதத்துக்கு முதல் மருந்து ஊசியோ மாத்திரையோ அல்ல. உண்ணியைத் தேடிக் கண்டுபிடித்து அகற்றுவதுதான். எங்கே தேடுவது, எப்படி அகற்றுவது என்று தெரிந்திருந்தால் ஓர் உயிரையே காப்பாற்றலாம்.

பூச்சி அல்ல, சிலந்தியின் உறவு

வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். ஆகவே அது பூச்சி இனம் அல்ல. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. முட்டையிலிருந்து வரும் இளம் உண்ணிக்கு மட்டும் ஆறு கால்கள் இருக்கும். உண்ணிக்கு இறக்கை இல்லை; தெள்ளுப்பூச்சியைப் போலத் தாவவும் தெரியாது. புல் நுனியிலோ இலை விளிம்பிலோ ஏறி, முன்கால்களை நீட்டியபடி காத்திருக்கும். அந்த முன்கால்களில் உள்ள நுண்ணிய உறுப்பு, நாம் வெளிவிடும் கரியமில வாயுவையும் உடல் வெப்பத்தையும் உணர்ந்துவிடும். நாம் உரசிக்கொண்டு போகும்போது துணியிலோ தோலிலோ தொற்றிக்கொள்ளும்.

கொசு சில நிமிடங்களில் குடித்துவிட்டுப் பறந்துவிடும். உண்ணியோ நாள்கணக்கில் ஓரிடத்தில் தங்கும். அதன் வாயில், பின்னோக்கி வளைந்த பற்கள் கொண்ட ஈட்டி போன்ற உறுப்பு இருக்கிறது. அதைத் தோலுக்குள் செலுத்தியதும், பல வகை உண்ணிகள் பசை போன்ற ஒன்றைச் சுரந்து தம்மை இறுக ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் உமிழ்நீர் வலியை மரத்துப்போகச் செய்யும். இரத்தம் உறையாமலும் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் கடிபட்டவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. பெண் உண்ணி வயிறு நிறையக் குடித்து முடிக்கும்போது அதன் எடை நூறு மடங்குக்கும் மேல் கூடியிருக்கும்.

உமிழ்நீரில் வரும் இரண்டு ஆபத்துகள்

முதல் ஆபத்து கிருமி. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் உள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. அக்கம்பக்கத்துச் சிற்றூர் மக்களுக்கும் கடுமையான காய்ச்சல் வந்தது. உண்ணி சுமந்து வந்த ஒரு வைரஸ்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இன்று அது ‘கியாசனூர் காட்டு நோய்’ அல்லது ‘குரங்குக் காய்ச்சல்’ என்று அழைக்கப்படுகிறது.

இரண்டாவது ஆபத்து நஞ்சு. இதில் கிருமி எதுவும் இல்லை. சில வகைப் பெண் உண்ணிகள் இரத்தம் குடிக்கும்போது அவற்றின் உமிழ்நீரிலேயே நரம்பைத் தாக்கும் நஞ்சு உருவாகிறது. ஒட்டிய உடனே அது போதிய அளவில் இருப்பதில்லை. மூன்று நான்கு நாள்கள் குடித்த பிறகே ஆபத்தான அளவை எட்டுகிறது. இந்த இடைவெளியில்தான் நம்மால் ஆபத்தைத் தடுக்க முடியும்.

ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் குடியேறிய தொடக்க காலத்திலேயே இதைக் கவனித்திருக்கிறார்கள். 1824இல் அங்கு நிலவழிப் பயணம் மேற்கொண்ட வில்லியம் ஹோவெல், உரிய நேரத்தில் அகற்றாவிட்டால் மனிதரையும் விலங்கையும் கொன்றுவிடக்கூடிய சிற்றுயிர் என்று உண்ணியைப் பற்றித் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1900க்கும் 1945க்கும் இடையில் உண்ணி வாதத்தால் 20 பேர் இறந்ததாகப் பதிவுகள் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் வேறு வகை உண்ணிகளால் இதே பாதிப்பு ஏற்படுகிறது. அங்கு அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் சிறுமிகள். நீண்ட கூந்தலுக்குள் உண்ணி ஒளிந்திருந்தால் யார் கண்ணிலும் படாது என்பதே காரணம்.

நரம்புக்கும் தசைக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

‘உண்ணி கடித்தது தலையில், கால் ஏன் தள்ளாட வேண்டும்?’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி.

மூளை தரும் கட்டளை நரம்பின் வழியே மின்துடிப்பாக ஓடுகிறது. ஆனால் நரம்பின் முனைக்கும் தசைக்கும் நடுவில் மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. மின்துடிப்பு அதைத் தாண்டாது. சாங்கி பாயிண்ட் வரை பேருந்தில் போகலாம். அங்கிருந்து புலாவ் உபினுக்குப் பாலம் இல்லை, படகில்தான் போகவேண்டும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். மின்துடிப்பு நரம்பின் முனையை அடைந்ததும் அங்குள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே நுழைகிறது. உடனே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியேறி, இடைவெளியைக் கடந்து தசையை அடைகிறது. தசை சுருங்குகிறது, கால் நகர்கிறது.

ஆஸ்திரேலிய உண்ணியின் நஞ்சு அந்தக் கால்சியம் வாயில்களைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் வெளியேறுவதில்லை. படகு கரையிலேயே நின்றுவிடுகிறது. மூளை கட்டளையிடுகிறது, நரம்பும் தசையும் நன்றாகவே இருக்கின்றன. இருந்தும் கால் அசைவதில்லை.

நஞ்சு இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதால் கடித்த இடம் எது என்பது முக்கியமல்ல. பெரும்பாலும் முதலில் கால்கள் தளரும். குழந்தை தள்ளாடி நடக்கும், படியேற முடியாமல் விழும். பிறகு தளர்ச்சி மெல்ல மேலேறிக் கைகளையும், விழுங்கும் தசைகளையும், இறுதியில் மூச்சுத் தசைகளையும் எட்டும். பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. சுயநினைவும் தெளிவாகவே இருக்கும்.

நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோயிலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள் தோன்றும். அதனால் மருத்துவர்களேகூட ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட வாய்ப்புண்டு. காடு, புல்வெளி என்று எங்காவது போய்வந்திருந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துத் தேட அதுவே காரணமாக அமையும்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது ஏன்?

வாதம் உண்டாக்கும் ஆஸ்திரேலிய உண்ணி சிங்கப்பூரில் இல்லை. அது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையோரம், குவீன்ஸ்லாந்திலிருந்து விக்டோரியா வரையுள்ள ஈரமான காடுகளிலும் புதர்களிலும் வாழ்கிறது. நம் குடும்பங்கள் விரும்பிப் போகும் கோல்ட் கோஸ்ட்டும் சிட்னியும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. நமக்கு ஆண்டிறுதி விடுமுறை வரும் மாதங்கள் அங்கு வசந்தமும் கோடையின் தொடக்கமும். வளர்ந்த பெண் உண்ணிகள் நடமாடும் காலம் அது. விமானப் பயணம் சுமார் எட்டு மணி நேரம். நஞ்சு சேர மூன்று நான்கு நாள்கள் ஆகும். கடி அங்கே, தள்ளாட்டம் இங்கே என்று நடக்கவும் வாய்ப்பிருக்கிறது.

இங்கேயும் உண்ணிகள் இல்லாமல் இல்லை. நாய் உண்ணி வீவக வீடுகளிலும் வளரும். காட்டுப் பன்றி, எறும்புத்தின்னி, ஊர்வன ஆகியவற்றின் உடலிலும் உண்ணிகள் உண்டு. மெக்ரிட்சி, புக்கிட் தீமா, புலாவ் உபின் என்று நடைப்பயணமோ முகாமோ போய்வந்தால் அன்றே உடலைச் சோதித்துக்கொள்வது நல்லது.

முக்கியமாகப் பார்க்கவேண்டிய இடங்கள்: தலைமுடி, காதுக்குப் பின்புறம், கழுத்து, அக்குள், இடுப்புப் பட்டை இறுக்கும் இடம், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், கால்விரல் இடுக்கு. பின்னல் போட்டிருந்தால் அவிழ்த்துப் பார்க்கவேண்டும்.

எப்படி அகற்றுவது?

கூர்மையான முனைகொண்ட இடுக்கி ஒன்று வேண்டும். தேக்காவில் மட்டுமல்ல, எந்த வட்டாரத்து மருந்துக் கடையிலும் அது கிடைக்கும்.

1. உண்ணியின் வயிற்றைப் பிடிக்காதீர்கள். தோலை ஒட்டியபடி, அதன் வாய்ப்பகுதியை இடுக்கியால் பிடியுங்கள்.

2. திருகாமல், வெடுக்கென்று பிடுங்காமல், ஒரே சீராக நேர்மேலே இழுங்கள். பிடி விடும்வரை பொறுமை வேண்டும்.

3. கடித்த இடத்தையும் கைகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாய்ப்பகுதியின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் ஊசியால் தோண்டாதீர்கள். நஞ்சைச் சுரக்கும் சுரப்பி அதில் இல்லை. தோல் நாளடைவில் அதை வெளியே தள்ளிவிடும்.

4. உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். ஒட்டுநாடாவில் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். மருத்துவரிடம் காட்ட உதவும்.

5. ஒன்றைக் கண்டால் நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்றும் இருக்கலாம்.

நல்லெண்ணெய் தடவுவது, சுண்ணாம்போ புகையிலைச் சாறோ வைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது என நம் வீடுகளில் பல பழைய வழிகள் உண்டு. பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சீண்டப்பட்ட உண்ணி இன்னும் அதிகமாக உமிழ்நீரைச் செலுத்தக்கூடும். எண்ணெய்க்குள் மூச்சுத் திணறி அது தானாக விழும்வரை காத்திருந்தால் நேரமும் வீணாகும். தீக்குச்சி நம் தோலைத்தான் முதலில் சுடும்.

மூன்று சூழல்களில் நீங்களே அகற்ற முயலாதீர்கள். ஒன்று, காதுக்குள் உண்ணி புகுந்திருந்தால். மலேசியாவின் கிளந்தானிலும் இலங்கையிலும் இத்தகைய நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதாகச் சிலருக்கு அந்தப் பக்கத்து முகத் தசைகள் செயலிழப்பதும் உண்டு. இரண்டு, கண்ணருகே கடித்திருந்தால். மூன்று, உண்ணிக்கடியால் முன்பு கடும் ஒவ்வாமை வந்திருந்தால். இழுக்கும்போது உண்ணி நசுங்கினால் ஒவ்வாமை மீண்டும் வரக்கூடும். அதனால் ஆஸ்திரேலியாவில் அத்தகையவர்களுக்கு உண்ணியை இருந்த இடத்திலேயே தெளிப்பானால் உறையவைத்துக் கொல்கிறார்கள்.

அகற்றிய பிறகு

வட அமெரிக்க உண்ணியாக இருந்தால், அகற்றிய சில மணி நேரத்திலேயே தசைகளுக்கு வலு திரும்பத் தொடங்கும். ஓரிரு நாள்களில் குழந்தை எழுந்து நடந்துவிடும். ஆஸ்திரேலிய உண்ணி அப்படி அல்ல. அகற்றிய பிறகும் 24 முதல் 48 மணி நேரம் வரை தளர்ச்சி கூடிக்கொண்டே போகலாம். எனவே கால் தளர்ச்சி தொடங்கியிருந்தால், ‘எடுத்தாகிவிட்டதே’ என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, மருத்துவமனைக்குப் போகவேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் உடனே 995ஐ அழைக்கவேண்டும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தாலும் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தடுப்பதற்கு நீண்ட காற்சட்டை, காலுறைக்குள் செருகிய காற்சட்டை முனை, டீட் கலந்த பூச்சி விரட்டி, பாதையின் நடுவில் நடக்கும் பழக்கம் ஆகியவை போதும். வீடு திரும்பியதும் குளிக்கும்முன் தலைமுடியை ஒருமுறை விரல்களால் அளைந்து பாருங்கள். தங்கையின் பின்னலையும் அவிழ்த்துப் பாருங்கள். மூன்று நிமிட வேலைதான் அது. நஞ்சு சேரவோ மூன்று நாள்கள் வேண்டும்.