ரஷ்யரோடு வியாபாரம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

மாஸ்கோவுக்குப் பெட்டி கட்டும் நம்மூர் வியாபாரிகள் கேட்கும் சந்தேகங்களில் பாதி வோட்காவைப் பற்றியது. வோட்காவால் கெட்ட வியாபாரம் குறைவு. பெயரைத் தப்பாகச் சொன்னதாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று பார்க்காமல் விட்டதாலும் கெட்டதுதான் அதிகம் இருக்கும். வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கான விளக்கங்களையும் பார்க்கலாம்.

முதல் சந்திப்பில் யாரும் சிரிக்கவே இல்லை. நம்மைப் பிடிக்கவில்லையா?

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அங்கே வழக்கமில்லை. காரணமில்லாத சிரிப்பு மடமையின் அடையாளம் என்று அவர்களிடம் பழமொழியே உண்டு. 2018 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு முன்பு, வெளிநாட்டு ரசிகர்கள் மிரண்டுவிடக் கூடாது என்று ரயில், மெட்ரோ ஊழியர்களுக்குச் சிரிக்கப் பயிற்சி கொடுத்தார்கள்! பழகிய பிறகு அதே ஆட்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அதுவரை நாமும் பதற்றத்தில் இளித்துக்கொண்டிருக்காமல், கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்து, கண்ணைப் பார்த்துப் பேசினால் போதும்.

எப்படிக் கூப்பிடுவது? 'மிஸ்டர்' போட்டால் போதாதா?

ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது போதும். நேரில் பேசும்போது போதாது. ரஷ்யரின் பெயரில் மூன்று பகுதிகள் உண்டு: சொந்தப் பெயர், தந்தை வழிப் பெயர், குடும்பப் பெயர். நம் இனிஷியலைச் சுருக்காமல் முழுசாக எழுதி, பெயருக்குப் பின்னால் வைத்ததுபோல இருக்கும் நடுப்பகுதி. இவானின் மகன் செர்கேய் என்றால் செர்கேய் இவானோவிச். மகள் எலேனா என்றால் எலேனா இவானோவ்னா. தமிழில் 'அன்னா கரேனினா' படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நாவல் முழுக்க அவளை அன்னா அர்காதியெவ்னா என்று அழைப்பார்கள். கணவரின் குடும்பப் பெயர் கரேனின், அவளுடையது கரேனினா. கணவன், மனைவி பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் ஓர் எழுத்து வித்தியாசமாக இருந்தால் அது அச்சுப்பிழை ஆகாது.

வயதில் மூத்தவரையும் அதிகாரியையும் மரியாதையாக அழைக்கும் முறை, சொந்தப் பெயரும் தந்தை வழிப் பெயரும் சேர்த்துச் சொல்வதுதான். சந்திப்புக்கு முன்பே அவர்கள் செயலரிடம் கேட்டு, வரப்போகிறவர்களின் முழுப் பெயரையும் தமிழில் எழுதி இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தடுமாறிச் சொன்னாலும் முகம் மலரும்.

நீ, நீங்கள் வேறுபாடு அவர்களுக்கும் உண்டு. மூத்தவரே 'நீ என்றே பேசிக்கொள்வோமே' என்று சொல்லும்வரை 'நீங்கள்'தான். செல்லப் பெயருக்கும் அவசரம் கூடாது. அலெக்சாந்தர் என்ற ஆணும் சாஷா, அலெக்சாந்த்ரா என்ற பெண்ணும் சாஷா. மின்னஞ்சலில் சாஷா என்று மட்டும் பார்த்துவிட்டு 'மேடம்' என்று எழுதினால், தாடி வைத்த கொள்முதல் மேலாளர் ஒருவர் அதைப் படிக்க நேரலாம்.

குடிக்காவிட்டால் வியாபாரம் நடக்காதா?

இது பழைய கதை. 2003க்கும் 2016க்கும் இடையில் ரஷ்யாவில் மது அருந்துவது 43 சதவீதம் குறைந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிக்கை வெளியிட்டது. இரவு 11 முதல் காலை 8 வரை கடைகளில் மது விற்கத் தடை. தாதர்ஸ்தான் போன்ற குடியரசுகளில் முஸ்லிம்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். ரஷ்யாவில் வாழ்பவர் எல்லோரும் குடிப்பவர் என்று நினைப்பதே தவறு.

மறுப்பதாக இருந்தால் முதல் குவளைக்கே மறுத்துவிடுங்கள். மருத்துவர் தடுத்திருக்கிறார், மதப் பழக்கம் என்று ஒரே காரணம் போதும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று இழுத்தால் அப்புறம் ஊற்றுவார்கள். ஒன்று குடித்துவிட்டு இரண்டாவதை மறுப்பதுதான் சங்கடம். பழச்சாறோ மோர்ஸோ நிரப்பிக்கொள்ளலாம். (பெயரில் மோர் இருந்தாலும் இது காட்டுப் பழங்களில் செய்யும் இனிப்புப் பானம்.) குவளையில் என்ன இருக்கிறது என்பதைவிட, விருந்தாளி எழுந்து இரண்டு வார்த்தை பேசுகிறாரா என்பதைத்தான் கவனிப்பார்கள். சந்திப்புக்கு நன்றி, விருந்தளித்தவர் குடும்பத்துக்கு வாழ்த்து என்று மனதில் தயாராக வைத்திருங்கள். ராணுவத்தில் இருந்தவர்கள் கூடிய மேசையில் மூன்றாவது முறை குவளை உயர்த்துவது இறந்தவர்களுக்காக. அப்போது குவளைகளை மோதக் கூடாது.

சைவம் சாப்பிடுபவர் என்ன செய்வது?

பெரிய நகரங்களில் கஷ்டமில்லை. சின்ன ஊர்களில் இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வரும், மீனும் வரும். போர்ஷ் என்ற பீட்ரூட் சூப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் எலும்பு வேகவைத்த தண்ணீரில்தான் செய்வார்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விடுவார்கள். அந்த நோன்புச் சாப்பாட்டுக்குப் 'போஸ்த்னயே' என்று பெயர். ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் பல உணவகங்கள் அதற்கென்று தனிப் பட்டியலே வைத்திருக்கும். மற்ற நாட்களிலும் அந்தச் சொல்லைச் சொன்னால் சமையல்காரருக்குப் புரியும். மீன் உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு அழைத்தால்?

பூ வாங்கினால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வாங்குங்கள், இரட்டைப்படை, சாவுக்கு. வாசற்படிக்கு மேலே கை கொடுக்காதீர்கள், பொருளும் நீட்டாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரசு ஊழியருக்குப் பரிசு கொடுப்பதில் கவனம் தேவை: சிவில் சட்டத்தின் 575ஆவது பிரிவு 3,000 ரூபிளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. கம்பெனிகள் ஒன்றுக்கொன்று பரிசு கொடுப்பதற்கும் அதே வரம்புதான்.

'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்களே?

நம்மூரில் 'பார்க்கலாம்' என்பதே பாதி மறுப்பு. அங்கே 'பார்க்கலாம்' என்றால் பார்ப்பார்கள்; முடியாது என்றால் இந்த விலைக்கு, இன்றைக்கு முடியாது. பேரம் பல சமயம் அங்கிருந்துதான் தொடங்கும். ஆனால் முடிவு எடுப்பவர் ஒருவரே, தலைமை இயக்குநர். அவர் அறையில் இல்லாத கூட்டத்தில் எவ்வளவு பேசினாலும் அது முன்னோட்டம்தான்.

ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். பக்கம் இரண்டு பத்திகளாக இருக்கும், ஒன்றில் ரஷ்ய மொழி, ஒன்றில் ஆங்கிலம். கீழே கையெழுத்துக் கோடு, அதன் அருகே 'எம்.பே.' என்று இரண்டு எழுத்துகள். முத்திரை குத்தும் இடம் அது. வட்டமான நீல முத்திரை, கையெழுத்தின் ஓரத்தில் ஏறி நிற்க வேண்டும் என்று கணக்காளர்கள் எதிர்பார்ப்பார்கள். 2015 ஏப்ரலிலேயே கம்பெனிகளுக்கு முத்திரை கட்டாயமில்லை என்று அங்கே சட்டம் வந்துவிட்டது. நம் கம்பெனிச் சட்டமும் அதே ஆண்டில்தான் பொது முத்திரையைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்தது. இரு நாட்டுக் கணக்காளர்களும் இன்னும் நம்பத் தயாரில்லை. எனவே உங்கள் ரப்பர் ஸ்டாம்பையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

முத்திரையைவிட முக்கியம், கையெழுத்திடுபவர் யார் என்பது. பொதுவாகத் தலைமை இயக்குநர் மட்டுமே கம்பெனி விதிகளின்படி நேரடியாகக் கையெழுத்திடலாம். விற்பனை இயக்குநர், துணைத் தலைவர் என்று எவ்வளவு பெரிய அட்டை நீட்டினாலும், மற்றவர்களுக்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். அதன் எண்ணும் தேதியும் ஒப்பந்தத்தின் முதல் பத்தியிலேயே வர வேண்டும். நகலும் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் 10 இலக்க வரி எண்ணைக் கொடுத்தால், ரஷ்ய வரித்துறையின் இணையதளத்தில் இப்போதைய தலைமை இயக்குநர் யார் என்று இலவசமாகப் பார்க்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற கூச்சம் வேண்டாம். அவர்களும் நம்மைப் பற்றி அதைத்தான் செய்திருப்பார்கள்.

இரண்டு மொழி வாசகங்களும் முரண்பட்டால் எது செல்லும் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். சேவைகளுக்கு 'ஆக்த்' என்ற ஏற்புப் பத்திரத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும்.

அரசியல் பேசலாமா?

வேண்டாம். ராணுவத்தை இழிவுபடுத்துவதாகக் கருதப்படும் பேச்சுக்கு 2022 மார்ச் முதல் தண்டனை உண்டு, வெளிநாட்டவருக்கு விலக்கில்லை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் மக்கள் சுமார் 2.7 கோடிப் பேர் மாண்டார்கள். அந்தப் போரைப் பற்றி விளையாட்டாகக்கூடப் பேசாதீர்கள்.

எப்போது போகலாம், பணத்துக்கு என்ன வழி?

ஜனவரி 1 முதல் 8 வரை நாடே விடுமுறை. மே 1க்கும் 9க்கும் நடுவிலும் அலுவலகங்கள் தூங்கி வழியும். நாட்டில் 11 நேர மண்டலங்கள். மாஸ்கோ நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், விளாதிவஸ்தோக் நாலரை மணி நேரம் முன்னால். தொலைபேசி நேரம் குறிக்கும்போது ஊரைக் கேளுங்கள்.

விலை பேசுவதற்கு முன்பே, எந்த வங்கி வழியாகப் பணம் வரும் என்று உங்கள் வங்கியிடம் கேட்டுவிடுங்கள். ரஷ்ய வங்கிகள் பல தடைப் பட்டியலில் இருக்கின்றன. ரூபாயிலேயே வரவு வைக்கும் சிறப்புக் கணக்குகளுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் வழி செய்திருக்கிறது. கைச்செலவுக்கு, இந்தியாவில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை நம்பிப் போகாதீர்கள். 2022 மார்ச் முதல் அங்கே அவை எங்கும் வேலை செய்வதில்லை. ரொக்கமாக எடுத்துப் போங்கள். 10,000 டாலருக்கு மேல் இருந்தால் ரஷ்யச் சுங்கத்தில் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும்.