ஒரே மாதத்தில் நாவல்: ஊரில் கூட்டு சேர்ப்பது எப்படி?

நாவல் எழுதும் ஆசை பலருக்கு உண்டு. மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுபோன நோட்டும் உண்டு. அதை எழுதி முடிக்க ஒரு வழி, ஊரில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே மாதத்தில் எழுதுவது.

நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. 1999 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவர், தன்னோடு சேர்த்து 21 பேருடன் இதைத் தொடங்கினார். பிறகு ‘நானோரைமோ’ என்ற பெயரில், நவம்பர்தோறும் 30 நாளில் 50,000 சொல் எழுதும் சவாலாக உலகெங்கும் பரவியது. சாரா க்ரூவனின் ‘வாட்டர் ஃபார் எலிஃபண்ட்ஸ்’ நாவல் இப்படித் தொடங்கியதுதான். அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டது. அதனால் என்ன? உங்கள் குழுவுக்கு மேஜையும் கடிகாரமும் போதும்.

நாளுக்கு எவ்வளவு எழுத வேண்டும்?

50,000 என்றால் நாளுக்கு 1,667 சொல். தமிழில் உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தைவிட எண்ணிக்கை குறைவாகவே வரும். 35,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்குச் சுமார் 1,170. தீபாவளி, பிள்ளைகளின் பரீட்சை குறுக்கிடாத மாதமாகப் பாருங்கள்.

ஆட்களை எங்கே பிடிப்பது?

கிளை நூலகம், புத்தகக் கடை, கல்லூரித் தமிழ்த்துறை. நூலகரிடம் கேட்டு ஒரு தாள் ஒட்டுங்கள். ‘எழுத்தாளர்கள் தேவை’ என்று போட்டால் கூச்சப்பட்டு வரமாட்டார்கள். ‘நாவல் எழுத ஆசையா?’ என்று கேளுங்கள். ஏழெட்டுப் பேர் இருந்தால் நல்லது. இடையில் இரண்டு பேர் நின்றாலும் குழு கலையாது.

யார் வீட்டிலாவது கூடலாமா?

வேண்டாம். வீட்டுக்காரர் தோசை வார்ப்பதிலேயே பொழுது போய்விடும். நூலகமோ, ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும் டியூஷன் வகுப்பறையோ போதும். வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம்.

கூடி என்ன செய்வது?

எழுதுவதுதான். 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள்; போன்களைக் கவிழ்த்து வையுங்கள்; யாரும் பேசக் கூடாது. மணி அடித்ததும் ஆளாளுக்கு எத்தனை சொல் என்று சொல்ல வேண்டும். பத்து நிமிடம் டீ. பிறகு அடுத்த சுற்று. இரண்டு மணி நேரத்தில் நாலு சுற்று. சுற்றுக்கு 250 சொல் வந்தாலே ஆயிரம் தேறும். நோட்டில் எழுதுகிறவர் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம்.

எழுதியதை வாசித்துக் காட்டலாமா?

இந்த மாதம் கூடாது. ‘இது அந்தப் படக்கதை மாதிரி இருக்கே’ என்று ஒருவர் சொன்னால் போதும், மறுநாள் பேனா ஓடாது. கருத்துச் சொல்வதெல்லாம் மாதம் முடிந்த பிறகு.

பின்தங்கினால்?

வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு அன்றைய எண்ணிக்கையை மட்டும் போடச் சொல்லுங்கள். பூஜ்யத்தையும் போடலாம், காலை வணக்கப் படங்கள் வேண்டாம். மூன்று நாள் சத்தமில்லாதவருக்கு ஒருவர் போன் செய்து, ‘ஞாயிற்றுக்கிழமை வந்துடுங்க’ என்று கூப்பிட வேண்டும். கணக்குக் கேட்கக் கூடாது.

கடைசியில் கையில் என்ன இருக்கும்?

முதல் வரைவு (இன்னும் திருத்தாத எழுத்து). அவசரப்பட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு மாதம் மூடி வைத்துவிட்டு, குழுவிலேயே இரண்டிரண்டு பேராக மாற்றிக்கொண்டு படியுங்கள். முதல் வாசகர்களை வெளியே தேட வேண்டியதில்லை.